வலப்பக்கம் மட்டும் திரும்பும் பயணம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்ற பொய்க்கு அப்போது மூன்று வயது. நான்தான் பெற்று, ஊட்டி வளர்த்தேன்.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த குளிர்காலத்தில் வகுப்பே திரண்டு போய் லைசென்ஸ் எடுத்தபோது நானும் எடுத்தேன். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. படிக்கப் போன சியோலில் எங்கே போவதானாலும் சுரங்க ரயில் இருந்தது. என் லைசென்ஸ் சட்டைகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. இப்படிப்பட்டதை எங்கள் பக்கம் அலமாரி லைசென்ஸ் என்பார்கள். அதை வைத்திருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை, பாதி நாடு வைத்திருக்கிறது. ஆனால் நான் வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம், "சீனியர்களை ஏத்திக்கிட்டு காப்யோங் வரைக்கும் நான்தாம்மா ஓட்டினேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அந்தப் பயணத்தில் பின் சீட்டில் இறைச்சிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் படிப்பது போக்குவரத்துப் பொறியியல், நான்காம் ஆண்டு. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அந்த ஜூலை விடுமுறைக்கு நான் எங்கள் ஊரான வொன்ஜுவுக்கு வந்தபோது தம்பி மின்கியும் தான் தங்கியிருந்த தேஜோனிலிருந்து வந்திருந்தான். செப்டம்பர் முதல் வாரம் அவன் கட்டாய ராணுவப் பணிக்குப் போக வேண்டும். ஒன்றரை வருடம். அம்மா துணி திருத்தும் கடையைச் சாத்திவிட்டு வந்து, சோயாப் பாலில் ஐஸ் மிதக்கும் நூடுல்ஸைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அவன் போறதுக்குள்ள ரெண்டு பேரும் எங்கயாவது சுத்திட்டு வாங்களேன். கார் சும்மாதானே நிக்குது."

"நான் ஓட்டுறேன்" என்றது என் வாய். அதற்கு என்னைக் கேட்கும் பழக்கம் கிடையாது.

மின்கி நூடுல்ஸை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நெஜமாவா அக்கா?"

"பின்ன? எட்டு நாள். சொக்சோவுல ஆரம்பிச்சு கிழக்குக் கடற்கரை வழியா நேரா பூசான்."

மறுநாளே திட்டம் போட உட்கார்ந்தேன். ஒரு நாளைப் பத்துப் பத்து நிமிடங்களாக வெட்டி அட்டவணை தயாரித்தேன். ஓட்டுவது நீலம், சாப்பிடுவது ஆரஞ்சு, கழிப்பறை சாம்பல். கடலைப் பார்ப்பதற்கு முப்பது நிமிடம், தேவைப்பட்டால் பத்து நிமிட நீட்டிப்பு. மூன்றாம் நாளுக்கு மழை வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று என்று இரண்டு மாற்றுத் திட்டங்கள்.

மின்கி என் தோளுக்குப் பின்னால் நின்று ஆப்பிள் கடித்துக்கொண்டே படித்தான்.

"அக்கா, இந்த மஞ்சள் என்னது?"

"தன்னிச்சையான மகிழ்ச்சி."

"இருபத்தஞ்சு நிமிஷந்தானா?"

"நீ என்ன வேணும்னு சொல்லு, சேர்த்துடறேன்."

"ஒரு நாள் கார்லயே தூங்கணும். அவ்ளோதான்."

"முதுகு பிடிச்சுக்கும்."

"ராணுவத்துல மட்டும் மெத்தை விரிச்சு வச்சிருக்காங்களா?"

அட்டவணையில் எல்லாம் இருந்தது. ஆனால் எந்தக் கட்டத்திலும் நான் பயமில்லாமல் கார் ஓட்டவில்லை. அதனால் கிளம்பும் தேதி நெருங்கும்போதெல்லாம் திட்டத்தில் ஒரு பெரிய குறை கண்டுபிடித்தேன். ஒரு வாரம் கணவாய் மீன் பருவத்தை ஆராய்ந்தேன். அடுத்து, வழியில் உள்ள பெட்ரோல் நிலையங்களின் கழிப்பறைகள் பற்றி மக்கள் எழுதிய கருத்துகளைப் படித்தேன். உலகத்தில் இவ்வளவு கோபமான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. பதினேழு நாள் திட்டமிட்டேன். இன்னும் இரண்டு பதினேழு நாள் ஓட்டிவிட்டால் அவன் ராணுவத்துக்கே போய்விடுவான் என்ற கணக்கு என் மனதுக்குள் ஓடியதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அதைக் கெடுத்தவர் அம்மா. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சாவியை மேஜைமேல் போட்டார்.

"இன்சூரன்ஸ்ல உன் பேரச் சேர்த்தாச்சு. மார்ட்டுக்குப் போயி ஒரு மூட்டை அரிசியும் தர்பூசணியும் வாங்கிட்டு வாங்க. இருபது நிமிஷ வேலை."

கீழே போய்ப் பார்த்தபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது. எங்கள் அடுக்குமாடி மிகப் பழையது, நிறுத்துமிடம் போதாது. அம்மாவின் சின்ன வெள்ளைக் காருக்குக் குறுக்கே மூன்று கார்கள் வரிசையாக நின்றன.

"அடடா, வழியே இல்லையே. நாளைக்குப் போலாம்டா."

"தள்ளி நகர்த்தட்டும்னு எல்லாத்தையும் நியூட்ரல்லதான் விட்டுட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லி மின்கி முதல் காரின் பின்னால் கையை வைத்துத் தள்ளினான். அது சமர்த்தாக உருண்டது. இரண்டாவதும் உருண்டது. மூன்றாவது பெரிய வண்டி. அது அசையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, தள்ளுவது போல நானும் பக்கத்தில் நின்றேன். அவன் முதுகை வைத்து நெம்பி அதையும் நகர்த்திவிட்டான்.

சீட்டைச் சரிசெய்ய ஐந்து நிமிடம், கண்ணாடிகளைச் சரிசெய்ய ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டேன். பிறகு வலப்பக்க விளக்கைப் போட்டேன். வெயில் கொளுத்தும் வானத்தின் கீழ் வைப்பர் ஆடியது.

"கண்ணாடி தூசியா இருந்துச்சு" என்றேன்.

"ஓ" என்றான் மின்கி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

பெரிய சாலைக்கு வந்துவிட்டோம். நான் எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது, யாரும் சாகவில்லை என்பது மட்டும் தெரியும். எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், அதனால் வலப்பக்கம் திரும்புவது சுலபம்; மார்ட்டோ இடப்பக்கம், அதற்கு இடது தடத்துக்கு மாற வேண்டும். இடது கண்ணாடியில் ஒரு பேருந்து தெரிந்தது. அது போனதும் ஒரு லாரி. அதற்குப் பின் வந்த டாக்ஸி எனக்கு வழிவிட நின்றது. அந்தக் கருணையைப் பார்த்துப் பயந்து போய் நான் நேராகவே போனேன்.

"அக்கா, மார்ட் அங்க இருக்கு."

"தெரியும்."

"நாம இங்க இருக்கோம்."

"தெரியும்டா!"

"சரி. சும்மா சொன்னேன்."

அடுத்த சந்திப்பில் திரும்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கும் தடம் மாற வேண்டியிருந்தது. அதற்கடுத்ததற்கும். தடம் மாறும் வாகனங்களின் இடைவெளி பற்றி நான் இருபது பக்கம் ஆய்வுக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு வரிகூட அன்று ஞாபகம் வரவில்லை.

"அக்கா, மேல பச்சை போர்டு வருது."

"என்ன போட்டிருக்கு? நான் மேல பாக்க மாட்டேன்."

"காங்நுங்."

நெடுஞ்சாலைக்குள் நுழைந்துவிட்டோம். கடல் இருக்கும் திசை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் முதல் வெளிவழி வந்தபோது பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி வந்தது. அதற்குப் பயந்து அந்த வெளிவழியையும் விட்டுவிட்டேன். ஓய்வு நிறுத்தம் மட்டும் வலப்பக்கமாகத் தானே வந்து என்னை ஏற்றுக்கொண்டது. இரண்டரை கார்களுக்கான இடத்தில் எங்கள் சின்னக் காரை நிறுத்தினேன். விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை. மின்கிதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

பிறகு அவன் போய் வெண்ணெயில் வறுத்த குட்டி உருளைக்கிழங்கு வாங்கி வந்தான். வெளியே மேஜையில் உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியில், ஓய்வு நிறுத்தங்களில் மட்டுமே கேட்கக் கிடைக்கும் பழைய காதல் பாட்டு ஒன்று முழங்கிக்கொண்டிருந்தது.

"மின்கி, ஒண்ணு சொல்லணும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது."

"அப்படியா? கவனிக்கவே இல்லையே" என்று ஒரு கிழங்கைக் குச்சியால் குத்தினான். "எனக்கு முன்னாடியே தெரியும் அக்கா. காப்யோங் போன போட்டோவ உங்க சீனியர் போட்டிருந்தாங்க. நீ பின் சீட்ல வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கிட்டு இருந்த."

"தெரிஞ்சும் ஏண்டா வந்த?"

"நீ அவ்ளோ ஆசையா கலர் அடிச்சுக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்றது?" குச்சியால் இன்னொரு கிழங்கை உருட்டினான். "நீ திட்டம் போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம், நான் தேஜோனுக்கு ரெண்டு தடவ போனேன்ல?"

"ரூம் காலி பண்ண."

"ரூம் எப்பவோ காலி பண்ணிட்டேன். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனேன். நம்ம ரெண்டு பேர்ல யாருக்காவது ஓட்டத் தெரியணும்ல. ரெண்டு தடவயும் ஃபெயில். ரெண்டாவது தடவ நடைபாதை மேலயே ஏத்திட்டேன். டெஸ்ட் எடுத்த ஆளு திட்டக்கூட இல்ல. 'இந்தப் பக்கம் வாங்க'ன்னு என்னை மாத்தி உக்கார வச்சிட்டு அவரே ஓட்டிட்டு வந்தாரு. வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தேன்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவனும் சிரித்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் நூடுல்ஸை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

அப்போது அம்மாவின் போன் வந்தது.

"தர்பூசணி வாங்கியாச்சா?"

"வாங்கிட்டே இருக்கோம்மா."

"அங்க என்ன பாட்டுச் சத்தம்?"

"மார்ட்ல போட்டிருக்காங்க."

"மார்ட்ல ஏண்டி இந்தப் பாட்டப் போடப் போறாங்க?" இன்னும் ஒரு வரி கேட்டார். "எந்த ஓய்வு நிறுத்தத்துல இருக்கீங்க?"

சொன்னேன். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து விலக்கி வைத்தேன்.

"அம்மாடி, அவ்ளோ தூரமா? ஹைவேலயா? நல்லாத்தான் ஓட்டுற போலிருக்கே! நான்கூட நீ சும்மா சொல்றியோன்னு நெனச்சேன்." அம்மாவின் குரலில் பெருமை வழிந்தது. "சரி, அங்க மக்காச்சோளம் நல்லாருக்கும். நாலு வாங்கிட்டு வாங்க."

மூன்று வயதுப் பொய் இப்படிச் சாட்சியோடு நிலைபெற்றுவிட்டது. அதைக் கொல்ல அன்று எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் உண்மையான திட்டம் அந்த மேஜையில்தான் பிறந்தது. மின்கி கடையில் கேட்டு ஒரு பேனா வாங்கி வந்து, கிழங்கு வந்த அட்டையைப் பிரித்துப் போட்டான்.

"அக்கா, நெஜமா சொல்லு. உனக்கு என்ன வரும்?"

"நேரா போக வரும். வலப்பக்கம் திரும்ப வரும்."

"இடப்பக்கம்?"

"வராது."

"ரிவர்ஸ்?"

"கேக்காத."

"சரி. அப்போ நேராவும் வலப்பக்கமும் மட்டும் போற மாதிரி ஒரு வழி கண்டுபிடி. நீதானே பொறியாளரம்மா."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான பொறியியல் வேலை அதுதான். வொன்ஜுவிலிருந்து வடக்கே ஹெங்சோங், அங்கிருந்து வலப்பக்கம் பியோங்சாங், மறுபடி வலப்பக்கம் யோங்வொல், மறுபடி வலப்பக்கம் ஜெசோன் வழியாக வீடு. கடிகார முள் போகிற திசையில் ஒரு வட்டம். மூன்று நாள், எல்லாம் மலைச் சாலை, போக்குவரத்துக் குறைவு. கடல் மட்டும் இல்லை.

"கடல் வேணாமாடா?"

"கடலோரக் காவலுக்குப் போட்டாங்கன்னா தெனமும் பாத்துக்கிறேன். போதும் போதும்னு ஆயிடும்."

மீதி அட்டையில் அவன் பெரிய எழுத்தில் ஒன்று எழுதிக் காரின் பின்கண்ணாடிக்குள் வைத்தான்: "ஓட்டுவது என் சொந்த அக்கா. தயவுசெய்து தள்ளி வரவும்." அடுத்த வெளிவழியில் இறங்கி ஊர்ச் சாலை வழியாக மணிக்கு நாற்பதில் திரும்பினோம். பின்னால் நீண்ட வரிசை சேர்ந்துவிட்டது. முந்திப் போன ஒவ்வொரு காருக்கும் மின்கி ஜன்னல் வழியாகத் தலை குனிந்து வணக்கம் வைத்தான். சிலர் திரும்ப வைத்தார்கள். ஒருவர் வைத்தது வணக்கம் இல்லை.

தர்பூசணி வாங்க மறந்துவிட்டோம். அரிசியையும்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம், தினமும் காலையில் ஆற்றோரக் காலி நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். மின்கி நடுவில் தண்ணீர்ப் புட்டிகளை வைப்பான், நான் அவற்றை நசுக்குவேன். ஆகஸ்ட் பாதியில் கிளம்பினோம். போட்ட வழி எழுபது சதவீதம் சரியாக வந்தது. பியோங்சாங்கில் ஒரு சாலையை வெட்டிப் போட்டிருந்ததால் இடப்பக்கம் திரும்பியே ஆக வேண்டிய நிலை வந்தது. மூன்று முறை வலப்பக்கம் திரும்பி அதைச் சமாளித்தோம். அதற்காக ஒருவருடைய முட்டைக்கோஸ் வயலை இரண்டு தடவை சுற்றினோம். இரண்டாவது தடவை வயல்காரர் கையில் ஒரு முட்டைக்கோஸோடு சாலையில் நின்று அதை ஜன்னல் வழியாக உள்ளே போட்டார். ஏதோ அதற்காகத்தான் சுற்றுகிறோம் என்று நினைத்துவிட்டார் போல.

இரண்டாம் இரவு ஆற்றங்கரையில் காரிலேயே தூங்கினோம். காலையில் என் கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. நல்லவேளை, வலப்பக்கம்.

யோங்வொலில் சோறு தேடிப் போனபோது என்னால் நிறுத்த முடிந்த ஒரே இடம் ஒரு முடிதிருத்தும் கடையின் முன்னால்தான் இருந்தது. மின்கி கடையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ராணுவத்துக்கான முடிய இங்கயே வெட்டிக்கிறேன்."

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கேடா."

"அம்மா முன்னாடி வெட்டினா அம்மா அழும். உன் முன்னாடின்னா பரவால்ல. நீ சிரிப்ப."

நானும் சிரிக்கத்தான் உள்ளே போனேன். முதல் கொத்து முடி விழுந்ததும், வெளியே காரைச் சரியாக நிறுத்தினேனா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். கார் சரியாகத்தான் நின்றது. பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் வெளியே வந்தான். தலை உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது, காது இரண்டும் திடீரென்று வளர்ந்துவிட்டது போலத் தெரிந்தது. அப்போது எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தியா, சிரிக்கிற."

"ஏறுடா."

ஜெசோன் போகும் சாலை ஆளில்லாமல் கிடந்தது. அவன் ஜன்னலைத் திறந்து தலையை லேசாக வெளியே சாய்த்தான்.

"அக்கா, காத்து நேரா மண்டையிலயே படுது. செமயா இருக்கு. கொஞ்சம் வேகமாப் போயேன்."

அறுபதுக்கு ஏற்றினேன். பிறகு அவன் கேட்காமலேயே எழுபதுக்கு.