நாலரை அடி

வெள்ளிக்கிழமை காலையில் சர்வேயர் வருகிறார் என்று தலையாரி அரசப்பன் வாசலில் வந்து சொன்ன பிறகுதான், தன் பெண்டாட்டி பொன்னேரிக்குப் போய் மனையை அளக்கச் சொல்லி மனுக் கொடுத்த விஷயமே சடையப்பனுக்குத் தெரிந்தது.

"எங்க அண்ணன் மேலயே அளவுச் சங்கிலி போட்டு இழுக்கப் போறியாமே?" என்றான்.

"எடத்துமேலதான் இழுக்கப் போறாங்க. உங்கண்ணன் ஏன் குறுக்க வந்து படுத்துக்கணும்?" என்றாள் மணியம்மாள். முறத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

கவரைப்பேட்டைப் பக்கம் கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்க ஆரம்பித்த பிறகு, ஓலைக் குடிசைகள் ஒவ்வொன்றாகச் செங்கல் வீடாகிக்கொண்டிருந்தன. சடையப்பனுக்கும் இரும்புக் கிடங்கில் பாரம் ஏற்றும் வேலை நிரந்தரமாகி, செங்கல் வந்து இறங்கிவிட்டது. அவன் குடிசைக்கும் அண்ணன் கலியன் குடிசைக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தகப்பன் மனையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தபோது, கர்ணம் கூடவே இருந்து எல்லைக்கல் நட்டார். அந்தக் கல்லை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

கலியன் வேலியைத் தங்கள் மனைக்குள் தள்ளிப் போட்டுவிட்டான் என்பது மணியம்மாளின் தீர்மானம். முள்வேலி என்றால் தள்ளிப் போடலாம். சுவர் எழும்பிவிட்டால் அப்புறம் அழுது புரண்டாலும் நகராது. சர்வே என்ற பேச்சை எடுத்தாலே கலியன் வேண்டாம் என்றான். அதுவே அவளுக்குச் சாட்சி.

அன்று சாயங்காலமே கலியன் வேலியண்டை வந்து நின்றான்.

"அளக்க வாணாம்மா. வேலி எங்க கீதோ அதான் எல்லை. கட்டிக்கோ."

"மடியில கனம் இல்லாதவங்க ஏன் மாமா வாணாங்கிறாங்க?"

கலியன் திரும்பிப் போனான். அவன் பெண்டாட்டி பூவம்மாள்தான் அங்கிருந்தே பேசினாள். "கேட்டியா, வாயாமே அது? முனிசிபாலிடி குப்பைத்தொட்டி கூட மூடி போட்டுக்கினு கீது."

"உன் ஊட்டுக் குப்பைய நீ மூடுக்கா. வெள்ளிக்கெழம தெரியும்."

வெள்ளிக்கிழமை சர்வேயர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். ரோட்டு முனையில் இருந்த பழைய கல்லிலிருந்து சங்கிலி பிடித்தார்கள். அரசப்பன் ஒரு முனையை இழுத்துக்கொண்டு நடந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் எப்போது தாண்டுவான் என்று மணியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தாண்டவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமே, அவளுடைய எருக்குழி ஓரமாக நின்றுவிட்டான்.

"எல்லை இங்கதான் வருது. தோண்டு" என்றார் சர்வேயர், வரைபடத்தைப் பார்த்தபடி.

"தப்பா அளக்கறீங்க" என்றாள் மணியம்மாள்.

மறுபடி அளந்தார்கள். அதே இடம். அரசப்பன் எருவைத் தள்ளிவிட்டுக் கடப்பாரையைப் போட்டான். முழ ஆழத்தில் ணங்கென்று கேட்டது. சாணிக்குள்ளிருந்து கல்லின் தலை தெரிந்தது. கல்லுக்கும் வேலிக்கும் நடுவில் நாலரை அடி. அத்தனையும் கலியனுடையது.

சடையப்பன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

"நீதானமே சொன்னே? பழைய குழியில கொம்பு நட்டா செல்லு அரிக்கும், புதுசா தோண்டுன்னு."

ஆமாம். வருஷா வருஷம் ஆடி முடிந்ததும் வேலியைப் புதுப்பிக்கும்போது அவள்தான் பக்கத்தில் நின்று சொல்வாள். இந்தப் பக்கம் எருக்குழி இருந்ததால் புதுக் குழி எப்போதும் அந்தப் பக்கம்தான் விழும். ஒரு தடவைக்கு அரைச்சாண். யாரும் திருடவில்லை. யாரும் கணக்குப் பார்க்கவும் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் பூவம்மாள். இப்போது அவள் குரல் சாவகாசமாக இருந்தது. "வருசா வருசம் பாத்துக்கினுதான் இருந்தேன். அந்த மனுசன்தான், தம்பி எடம் பத்தாம கஸ்டப்படறான், உடு, அளந்தா அவனுக்குத்தான் அசிங்கம்னாரு. நீதான் பொன்னேரி வரைக்கும் போயி வாங்கிக்கினு வந்தே."

கலியன் பெண்டாட்டியை அதட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னான்: "கல்லு பாட்டுக்குக் கெடக்கட்டும். வேலி இருக்கற மேனிக்கே கட்டு. எழுதித் தரேன்."

"சரிண்ணா" என்று சடையப்பன் வாயெடுப்பதற்குள், "வாணாம்" என்றாள் மணியம்மாள்.

"பைத்தியமாமே உனக்கு?"

"வாணாம்னா வாணாம். காலத்துக்கும் அடுப்பு மூட்டறப்பல்லாம் அவங்க குடுத்த எடம்னு கேக்க என்னால ஆவாது." திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். விட்டுக்கொடுத்தார்களே, அதுதான் எரிந்தது.

செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி யேசுதாஸ் பீடியை அணைத்தான். "நாலரை அடி போனா அடுக்களை கிடையாதும்மா. கூடமும் ஒரு அறையும்தான் நிக்கும்."

"நிக்கட்டும். வெளிய அடுப்பு வெச்சிப் பொங்கிக்கறேன்."

"மழைக்கு?"

"நனைஞ்சிக்கினு பொங்கறேன். நீ நூலைத் தள்ளிக் கட்டு."

சடையப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே கிடங்குக்குப் போய்விட்டான். யேசுதாஸ் முளைக்குச்சியைப் பிடுங்கி, கல்லுக்கு இந்தப் பக்கம் அடித்தான். மணியம்மாள் எருவை மண்வெட்டியால் அள்ளி அள்ளித் தன் பக்கம் போட்டாள். ஒரு கூடை எரு கூட கல்லுக்கு அந்தப் பக்கம் மிஞ்சக் கூடாது.

"வெளியதான் பொங்கப் போறியா?" என்று பூவம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "பொங்கு. பொகை மட்டும் எங்க எடத்துக்கு வராம பாத்துக்க."

மணியம்மாள் குனிந்து அடுத்த மண்வெட்டி எருவை அள்ளினாள்.