சாட்சி பாட்டில்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே என் மனைவி தொடக்கூடாதவை: சென்ட், கொசு மருந்து, கைக்குப் பூசும் கிரீம், தலைச்சாயம். கடைசி வரி, 'என்னைக் கேட்காமல் வீட்டில் எந்த மருந்தும் போட வேண்டாம்.' அது யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவள் ஆற்று ஆராய்ச்சிக்காரி. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஒரு குளத்தில் ஒரு சிட்டிகை விஷம் விழுந்தாலும் அவள் ஆய்வகத்து மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்டவளுக்குப் புருஷனாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இந்த ஆற்றிலிருந்து எப்போதோ ஒழிந்துபோன மட்டிச் சிப்பிகளை அவள் தொட்டியில் வளர்த்துவந்தாள். மட்டிக்குஞ்சு பிறந்ததும் ஒரு மீனின் செவுளைப் பிடித்துத் தொங்க வேண்டுமாம். சில வாரம் ஓசியில் சுற்றிவிட்டு அதுவாக இறங்கிக்கொள்ளுமாம். "உன் தம்பி நம்ம வீட்டுக்கு வந்த மாதிரி" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தேறின. ஒவ்வொன்றின் ஓட்டிலும் அரிசி அளவில் எண் ஒட்டியது நான்தான். கடையிலிருந்து லென்ஸும் இடுக்கியும் கொண்டுபோய் ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

அவற்றை ஆற்றில் விட அனுமதிக் குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. தொடர்ந்து மூன்று மாதம் தண்ணீரில் பூச்சிமருந்து இருக்கக்கூடாது. தவறினால் தொட்டி அறையை வேறு ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். மட்டிகளுக்குப் போக்கிடம் கிடையாது. முதல் இரண்டு மாதமும் தண்ணீர் சுத்தம். மூன்றாவது மாதம் மருந்து இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து எங்கள் நாயைக் கட்டிக்கொண்டாள். நாய்க்குப் பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாமல் எல்லா அறைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வதால் நான் வைத்த பெயர்.

"நாற்றுப்பண்ணைக்காரர்தாங்க. வேற யாரு? இனிமே அந்த மருந்து அடிக்கமாட்டேன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தாரு. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாரு."

"கேட்டியா?"

"கேட்டேன். தொடவே இல்லங்கிறாரு. ஆத்தோரத்துல மேல வேற யாரு இருக்கா? நாளைக்குப் பத்து மணிக்கு குழுவுல புகார் கொடுக்கப்போறேன். நீங்க வீட்டுல எதுவும் போடலியே?"

"இல்லையே" என்றேன். அந்த நிமிடம் அது உண்மை என்றுதான் நினைத்தேன். வீடு என்றதும் சுவரும் தரையும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

புகாரில் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொன்னாள். மருந்தின் பெயர் வாயில் நுழையாத நீளம். எங்கேயோ பார்த்த பெயராக இருந்தது. எழுந்துபோய்த் தேடினேன். என் மேஜை இழுப்பறையில் கண்ணாடித் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த அட்டைப்பெட்டியில் அதே பெயர் இருந்தது.

அவள் ஆற்றுக்குப் போவதற்கு முந்தின நாள் மேனேஜரின் காதில் உண்ணி. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டேன். அவளிடம் சொன்னால் நாயை என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்று பயம். மறுநாள் காலையில் மேனேஜர், வழக்கம்போல, அவளுடைய பையின் மேல் கையுறைகளை மெத்தையாக்கிப் படுத்திருந்தான். அதைப் பார்த்து, பாவம் தூங்கட்டும் என்று நினைத்தவனும் நான்தான்.

காலையில் அவள் புகாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை.

"அதைக் கொடுக்காத. மேனேஜருக்கு உண்ணி மருந்து போட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க மறைச்சீங்க?"

"நீ நாயை அனுப்பிடுவியோன்னு பயந்துட்டேன்."

"நாயை இல்ல, உங்களைத்தான் அனுப்பியிருக்கணும்."

ஆனால் அப்போதே பையைத் தோளில் மாட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் ஆய்வகத்திலிருந்து ஒரு பாட்டிலில் சுத்தமான தண்ணீரைக் கொண்டுபோய், ஆற்றங்கரையில் திறந்து, அப்படியே மூடிக் கொண்டுவருவாள். ஆற்றுத் தண்ணீர் அதில் ஒரு சொட்டும் சேராது. அதிலும் விஷம் இருந்தால் குற்றம் ஆற்றின்மேல் இல்லை, எடுத்தவர் கைமேல். அதற்குச் சாட்சி பாட்டில் என்று பெயர். மெஷினுக்கு வரிசை நீளம் என்பதால் சந்தேகம் வந்தால் மட்டும் சோதிப்பார்கள். இந்த முறை அவளுக்குப் பண்ணைக்காரர்மேல்தான் சந்தேகம் வந்தது, கைமேல் வரவில்லை.

ஆய்வகத் தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து வந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"சாட்சி பாட்டில்லயும் அதே மருந்துங்க. அதே அளவு."

மனைவியின் பாட்டிலில் விஷம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே புருஷன் நானாகத்தான் இருப்பேன்.

குழு புதிதாகத் தண்ணீர் எடுக்க ஒரு மாதம் கொடுத்தது. நடந்ததை நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மேனேஜர் தங்கை வீட்டுக்குப் போய் அங்கே எல்லா அறைகளையும் மேற்பார்வை செய்தான். பண்ணைக்காரரிடம் அவளே நேரில் போனாள். நானும் பின்னால் நின்றேன்.

"அண்ணே, உங்கமேல புகார் எழுதிட்டேன். கொடுக்கல. ஆனா எழுதினேன். தப்பு எங்க வீட்டுல. நாய்க்கு விட்ட உண்ணிச் சொட்டு."

அவர் கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தார். "எழுதினதைச் சொல்லணும்னு உங்களுக்கு அவசியமே இல்லம்மா" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "எனக்கும் ரெண்டு நாய் இருக்கு. அதே சொட்டுதான் இப்ப வாங்கி வச்சிருக்கேன். தினமும் ஆத்துலதான் குளிக்குதுங்க."

என் மனைவி நோட்டுப்புத்தகத்தைத் திறந்தாள். அவளுடைய அடுத்த ஆராய்ச்சி அந்த வேலியோரத்தில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து அவருடைய நாய்களுக்குக் குழாயடிக் குளியல்.

புதிய தண்ணீர் சுத்தமாக இருந்தது. சாட்சி பாட்டிலும்தான்.

மட்டிகளை விட்ட காலையில் பண்ணைக்காரர் முழங்கால் தண்ணீரில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் இருவரும் ஒவ்வொன்றாக மணலில் வைப்பதைக் கரையிலிருந்து பார்த்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடவும் நியாயமில்லை. கூடை காலியானபோது அவள் ஒரு மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன். முகர்ந்து பார்த்தாள். வெறும் தண்ணீர் வாசனை. காலையிலிருந்து நாலு தடவை கழுவியிருந்தேன்.

மட்டியை என் உள்ளங்கையில் வைத்தாள். ஓட்டில் எண் ஒன்று, நான் முதலில் ஒட்டியது, சற்றுக் கோணலாக. தண்ணீரில் இறங்கி, குனிந்து மணலில் வைத்தேன். நெடுநேரம் சும்மா கிடந்தது. பிறகு ஓட்டைக் கொஞ்சம் திறந்து, வெள்ளையாக ஒரு காலை நீட்டி, மணலைத் தள்ளி உள்ளே இறங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"ஆத்துல அழாதீங்க" என்றாள். "மறுபடியும் சோதிக்கணும்."