கறுப்புக் கோழிக்கு வந்த சோகை

நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். டாக்டர் சேஷாத்ரி என்றால் பிஜித் தீவின் நசினுவில் ஓரளவு தெரியும். கும்பகோணத்தில், முட்டை வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிற வீட்டில் வளர்ந்தவன். அப்படிப்பட்டவனைக் கோழிக்கூண்டுக்கு முன்னால் மண்டியிட வைத்த பெருமை பக்கத்து வீட்டு ப்ரேமிலாவையே சேரும்.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. மே மாதம் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஆகஸ்டுக்குள் எங்கள் தெருவில் நான்கு வீடுகள் காலி. ஆக்லாந்து, சிட்னி, பிரிஸ்பேன் என்று ஆளுக்கொரு பக்கம். போகிறவர்கள் சோபாவை விற்றார்கள், நாயை உறவினரிடம் விட்டார்கள், கோழிகளை ப்ரேமிலாவிடம் கொடுத்தார்கள். ஐம்பது வயது, கணவர் இல்லை, வீட்டிலேயே தையல் வேலை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பழகிய கட்டையில் உட்கார்ந்தால்தான் கோழி பழைய வீட்டுக்கு ஓடாது என்று, கோழிகள் அடையும் கட்டையையும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வாங்கி வந்து தன் கூண்டில் அறைந்தாள். இது மகேந்திரா வீட்டுக் கட்டை, இது சதேந்திரா வீட்டுக் கட்டை என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவாள்.

கடைசியாகப் போனவள் தாயம்மா, ப்ரேமிலாவின் தங்கை. அவள் விட்டுப் போனது ஒரே ஒரு கறுப்புக் கோழி. அது ஒன்பது முட்டைகளின் மேல் அடைகாக்க உட்கார்ந்த நேரத்தில்தான் மற்றவை ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன.

"டாக்டரய்யா, ஒரு தபா வந்து பாருங்க. மூணு முர்கி போயிடிச்சி. இப்ப தாயம்மாளோடது தலையத் தொங்கப் போட்டுக்கினு கெடக்குது" என்றாள்.

"நான் கோழி டாக்டர் இல்லம்மா. மாட்டு டாக்டர் யாராவது இருப்பார், அவரைக் கேளுங்க."

"கேட்டேங்க. அவரும் மூட்டையக் கட்டிக்கினு கனடா பூட்டாராம்."

ப்ரேமிலா வீட்டில் தொலைபேசி கிடையாது. ஞாயிறுதோறும் தாயம்மா பிரிஸ்பேனிலிருந்து என் வீட்டுக்குத்தான் கூப்பிடுவாள். முதல் கேள்வியே கறுப்புக் கோழியைப் பற்றித்தான். அந்த ஞாயிறு, "குத்துக்கல்லாட்டம் நல்லா கீது" என்றாள் ப்ரேமிலா. பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோழி போய்விட்டால் தங்கையும் ஒரேயடியாகப் போய்விட்டாள் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் வந்தது. கோபத்தோடேயே கூண்டுக்குப் போனேன்.

கொண்டை வெளுத்திருந்தது. மனிதனாக இருந்தால் சோகை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்திருப்பேன். குடலில் புழு என்று முடிவு கட்டி, குழந்தைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை எல்லாக் கோழிகளுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டேன். புழு வந்ததோ இல்லையோ, நான்காம் நாள் இன்னொரு கோழி செத்தது. என் படிப்பைப் பற்றி எனக்கிருந்த கர்வம் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது.

"செள்ளு கிள்ளு ஏதாவது?" என்று கேட்டேன்.

"எறகு எறகாப் பிரிச்சிப் பாத்துட்டேங்க. பொடியும் போட்டேன். ஒண்ணும் இல்ல."

ரத்தம் எங்கேயோ போகிறது. குடிக்கிறவன் உடம்பில் இல்லை என்றால், குடித்துவிட்டு எங்கேயோ ஒளிந்திருக்கிறான். கட்டையின் வெடிப்பில் சவரக் கத்தியை விட்டுக் கிளறினேன். சாம்பல் மாதிரி ஏதோ உதிர்ந்தது. பிறகு அந்தச் சாம்பல் நகர்ந்தது. வெள்ளைக் காகிதத்தில் தட்டி விரலால் நசுக்கினேன். காகிதம் சிவந்தது.

"பகலெல்லாம் கட்டைக்குள்ள தூங்கிட்டு, இருட்டினதும் வந்து ரத்தம் குடிக்கிற செள்ளு. அடைகாக்கிற கோழி இடத்தை விட்டு எழுந்திருக்காது, அதான் அதுக்கு அதிகம். எந்த வீட்டுக் கட்டையில வந்ததோ, நீங்களே கூட்டிட்டு வந்து குடி வெச்சிருக்கீங்க."

"இப்ப இன்னா செய்யணும்?"

"கட்டை எல்லாத்தையும் கொளுத்தணும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கழுவி வெயில்ல போட்டா ஆவாதா? அவங்க திரும்பி வந்தா அவங்க கட்டை இருக்கணுமில்லங்க."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "யாரும்மா திரும்பி வரப் போறாங்க?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? அவள் உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து ஆணிகளைப் பிடுங்கினாள். தாயம்மாவின் கட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அதையும் அவளே நெருப்பில் போட்டாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கூண்டின் மூலை முடுக்கெல்லாம் கொதிக்கிற வெந்நீர் ஊற்றினோம். மூட்டுகளில் மண்ணெண்ணெய் தடவினோம். கறுப்புக் கோழிக்குப் பொடி தூவி, முட்டைகளோடு ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிக்கு மாற்றினோம். நான்தான் தூக்கினேன், என் அம்மா பார்த்திருந்தால் குளிக்காமல் உள்ளே விட்டிருக்க மாட்டாள். மற்றவை புரண்டு குளிக்க மண்ணும் சாம்பலும் கலந்து ஒரு குழி. செள்ளின் முட்டைகள் தப்பியிருக்கும் என்பதால் அடுத்த வாரமும் அதே கூத்து. கொய்யாக் கிளையைப் பட்டை சீவி ப்ரேமிலா புதுக் கட்டை போட்டாள்.

அதன் பிறகு ஒன்றும் சாகவில்லை. பத்தாம் நாள் கறுப்புக் கோழியின் கொண்டையில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. அதற்குள் ஒன்பதில் ஆறு முட்டைகள் பொரிந்திருந்தன. நான் மருத்துவமனையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிறு தொலைபேசியில் ப்ரேமிலா எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்: "உங்கிட்ட பொய் சொன்னேன்டி. உன் கோழி சாகப் பொழைக்கக் கெடந்துச்சி. இப்ப நல்லா கீது, ஆறு குஞ்சு. ஆனா உன் கட்டையக் கொளுத்திட்டேன்."

அந்தப் பக்கம் தாயம்மாவின் அழுகைக் குரல் எனக்கே கேட்டது. "அப்ப நாங்க திரும்பி வரமாட்டோம்னு முடிவு பண்ணிட்டியா அக்கா?"

"நான் ஏன்டி முடிவு பண்றேன்? வர்றதும் வராததும் உன் இஷ்டம்" என்றாள் ப்ரேமிலா. "புதுக் கட்டை போட்டுட்டேன். பழசவிட நீளமாத்தான் போட்டுக்கிறேன்."