மாப்பிள்ளை போட்ட டீ

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடிக் கடையில் கிடைத்தது. மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்கும் அம்மாள் என் இரண்டு கருமணிகளுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து, "அசையாதீங்க சார்" என்றார். அடுத்த மூச்சில், கேட்காமலே, "என் தங்கச்சி புருஷன் மேல நான் கொலைப்பழி போட்டிருக்கேன் சார்" என்றார். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் இப்படியொரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அசையாதே என்றால் முடிகிற காரியமா? அன்று எடுத்த அளவு தப்பாகிவிட்டது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"சமையலறைப் பக்கமே போகாத அந்த ஆள், ஏழு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில் மட்டும், மனைவிக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுப்பான். அதைக் குடித்த அன்றெல்லாம் அவள்—"

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே ஒருவன் கழுத்தில் கயிற்றை மாட்டுவது நியாயமில்லை. ஆனால் பெரியவளின் மனதில் கதை இப்படித்தான் தொடங்கியது. (கண்ணாடிக் கடை அம்மாள்தான் பெரியவள். தங்கை சின்னவள். தங்கையின் கணவர் மாப்பிள்ளை. அவ்வளவுதான் ஆட்கள்.)

மாப்பிள்ளைக்கு வீடுகளிலும் கிடங்குகளிலும் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. மொத்தம் ஏழு பேர். அவர்களுக்குள் ஒரு வழக்கம்: ஏழு பேரின் வேலைத்துணிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வாரம் ஒரு வீடு என்று முறைவைத்துத் துவைப்பார்கள். துவைப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப் பெண்கள்தான். மாப்பிள்ளையின் முறை வரும்போது சின்னவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து வெறுங்கையால் கும்மிக் கசக்குவாள். பாவம், களைத்துப்போவாளே என்று அவர் டீ போடுவார். சாயங்காலம் அவளுக்குத் தலைவலி, குமட்டல், கண்ணில் நீர். மறுநாள் சரியாகிவிடும்.

வியாழன் பெரியவளின் கடைக்கு விடுமுறை. தங்கை வீட்டுக்கு வருவாள். மூன்று முறை இதைப் பார்த்தாள், மூன்று முறையும் அவள் கண்ணில் பட்டது டீ கிளாஸ்தான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். ஊரார் கண்ணை அளக்கிறவளுக்கும் அதில் விலக்கில்லை.

3

மாப்பிள்ளையை எழுதுவதில்தான் எனக்குத் தடுமாற்றம். நல்லவராக எழுதினால் கதை சப்பென்று இருக்கிறது. கொஞ்சம் கறுப்புப் பூசலாமே என்று, மூட்டையைத் தூக்கும்போது அவர் ரப்பர் கையுறை போட்டிருந்ததாக எழுதினேன். கண்ணாடியைத் திருத்தப் போகும் சாக்கில் பெரியவளிடம் கேட்டால், நிஜமாகவே அப்படித்தானாம்.

["கவனிச்சேன் சார். அப்ப அது ஒரு விஷயமாவே படல."]

நான் இட்டுக்கட்டியது உண்மையாகிப்போனது. அந்த வரியை அடிக்காமல் விட்டேன்.

4

நான்காவது முறை. மதியம். சின்னவள் குளியலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உடுத்தியிருந்ததெல்லாம் நனைந்திருந்தது. முகத்தில் வேர்வை ஊற்றியது, வாயோரம் எச்சில் நிற்காமல் வழிந்தது, தோள்சதை தானாகத் துடித்தது. மூச்சு கரகரத்தது. பக்கத்தில் பாதி குடித்த டீ.

பெரியவள் தங்கையின் இமையை விரித்துப் பார்த்தாள். மங்கலான அறை. கருமணி விரிந்திருக்க வேண்டும். அது குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது. பதினெட்டு வருஷமாகக் கண்களைப் பார்க்கிறவளுக்கு வேறு சாட்சி வேண்டுமா? இது விஷம். அந்த முடிவு சரி. அடுத்த முடிவுதான் தப்பு.

"டீயில என்னடா கலந்த?"

"அக்கா, என்னக்கா சொல்றீங்க?"

அவரை வாசலுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். வாந்தி எடுக்கவைத்தால் விஷம் இறங்கிவிடும் என்று டம்ளரில் உப்பைக் கரைத்தாள். கதவு இடிபட்டது.

"முதல்ல அவ துணியைக் கழட்டுங்கக்கா! ஒரு சட்டையில தண்ணி கலக்காத கெட்டி மருந்து கொட்டியிருக்கு, கூட வேலை பாக்குறவன் இப்பதான் ஃபோன்ல சொன்னான்!"

"பண்றதையும் பண்ணிட்டு வெளிய நின்னு கதை சொல்றியா?"

(வாசகரே, உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் திறந்திருப்பீர்களா? நான் திறந்திருக்க மாட்டேன்.)

ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை நீண்டது. கையில் ஃபோன். அதில் அவசர உதவிப் பெண்ணின் குரல் நிதானமாகக் கேட்டது: "அவங்க கருமணி எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

தன் தொழிலைப் பற்றிக் கேட்கிற குரலைப் பெரியவளால் நம்பாமல் இருக்க முடியவில்லை. "குண்டூசி முனை மாதிரி. இருட்டுலயும் அப்படியே இருக்கு. உப்புத்தண்ணி கரைச்சு வச்சிருக்கேன்."

"அதைக் கீழ ஊத்துங்க. வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இந்த மருந்து தோல் வழியாவும் ஏறும். வெறுங்கையால தொட்டா அடுத்து நீங்க விழுவீங்க. ரப்பர் கையுறை இருக்கா?"

இருந்தது. இரண்டு ஜோடி. கதவுக்கு வெளியே, மாப்பிள்ளையின் வண்டியில்.

5

இங்கே மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கடைசிவரை கதவைத் திற— வேண்டாம். இன்னொன்றில் ஜன்னல் வழியாகக் கையுறையை மட்டும் வாங்கிக்கொள்கிறாள். நடந்தது மூன்றாவது: திறந்தாள். நம்பிக்கை பிறந்து திறக்கவில்லை, தனியாளாகத் தங்கையைத் தூக்க முடியாது என்பதால் திறந்தாள்.

அடுத்த சில வரிகளில் கற்பனை கலக்க எனக்கு உரிமையில்லை. குரல் சொன்னபடி இருவரும் கையுறை போட்டார்கள். கதவு ஜன்னலெல்லாம் திறந்து, அவளை மூட்டையிலிருந்து தள்ளி இழுத்தார்கள். தலைவழியே உருவாமல் ஆடையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். தலைமுடி, காதுமடல், நகக்கண் என்று சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். சுத்தமான போர்வையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக் கேன் லேபிளைப் படமெடுத்து அனுப்பும்படி மாப்பிள்ளை கம்பெனிக்குச் சொன்னார். வெட்டிய ஆடையையும் மூட்டைத் துணிகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவள் மறக்காமல் மீதி டீயை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டாள்.*

* அந்த டீயில் சர்க்கரை கூடுதல். அதற்குமேல் ஒரு குற்றமும் அதன்மேல் நிரூபணமாகவில்லை.

6

லேபிள் படத்தைப் பார்த்த டாக்டர் உடனே ஊசி போட்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "பொழைச்சுக்குவாங்க. கழுவிக் கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார். டீ பாட்டிலை அவர் கையில்கூட வாங்கவில்லை.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் எழுதினேன்: "தம்பி, என்னைய—" அந்த வாக்கியம் மேலே போகமாட்டேன் என்கிறது. அவள் கேட்டது வேறு.

"தூக்கும்போது நீங்க மட்டும் கையுறை போட்டிருந்தீங்களே. அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தூக்கும்போது போடணும்னு சொன்னாங்க, போட்டேன். துவைக்கிறவளுக்கும் வேணும்னு யாரும் சொல்லலக்கா. எனக்கும் தோணல." சொல்லிவிட்டு மாப்பிள்ளை வாய்விட்டு அழுதார்.

அந்த அழுகையை நம்பலாமா? எனக்குத் தெரியவில்லை. தோன்றாமல் போவதும் ஒருவகைக் குற்றம்தான் என்று எனக்குக் கோபம் வருகிறது. பெரியவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவருடைய ஃபோனில் ஒரு குரல்செய்தி வந்தது. கூட வேலை பார்க்கும் இன்னொருவர், சட்டையில் மருந்து கொட்டியது தெரியாதவர்.

"உங்க வீட்டுக்குப் போயிருந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டீங்கன்னாங்க. வாசல்ல துணிப்பை இருந்துச்சு, எடுத்துட்டு வந்து எங்க வீட்ல குடுத்துட்டு வேலைக்கு வந்துட்டேன். இந்த வாரம் எங்க வீட்டுல துவைச்சிருவா. நீங்க தங்கச்சியப் பாருங்க."

பையை அவ்வளவு இறுக்கமாகக் கட்டியவர்கள், அதன்மேல் ஒரு வரி எழுதி ஒட்டவில்லை.

7

"அந்த வீட்டுக்குப் போடுங்க!" என்று பெரியவள் கத்தினாள். மாப்பிள்ளையின் விரல் இரண்டு முறை தவறான எண்ணில் பட்டது. மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். பழி போட்டவளும் பழி சுமந்தவரும் ஒரே ஃபோனில் காதை வைத்துக் குனிந்திருந்தார்கள்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில், அந்தப் பெண் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறாள், பை கட்டவிழ்க்கப்படாமல் மூலையில் கிடக்கிறது. மற்றதில், குழாய்த் தண்ணீர் சத்தத்தில் மணி அவளுக்குக் கேட்கவில்லை. எது நடந்தது என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்ல மாட்டேன். முதலாவதைச் சொன்னால் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். இரண்டாவதைச் சொன்னால் பழி போட ஓர் ஆளைத் தேடுவீர்கள், அதில் கொஞ்ச நேரம் போய்விடும்.

ஆறாவது தடவை மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் கையுறை இல்லை.