திரும்பி ஓடும் சிங்கம்

எர்லன்ஸ்டைன் பிரபுவின் குடும்பச் சின்னம் கோடரி ஏந்திய சிங்கம். அதை வேட்டைப் பையின் மூடியில் புடைத்து எடுப்பவன், பை எந்த இடுப்பில் தொங்கப்போகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வலது கைக்காரர்கள் பையை இடது இடுப்பில் மாட்டுவார்கள். சிங்கம் அவர்கள் நடக்கும் திசையைப் பார்க்கும். அதே பையை மறுபக்கம் மாட்டினால் சிங்கம் பின்னால் திரும்பிவிடும். புறமுதுகு காட்டி ஓடும் சிங்கத்தைச் சுமந்து வருகிற பிரபுவை அந்தக் காட்டுச் சீமையில் கோழி மேய்ப்பவள்கூட மதிக்க மாட்டாள்.

தோல் வேலைக்காரன் லாம்பெர்ட்டுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கைத்திறமையில் அவனுக்கு ஈடு கிடையாது. பிறப்புதான் இடித்தது. அவன் தாத்தா செத்த குதிரைகளின் தோலை உரித்தவர். அந்தத் தீட்டைச் சொல்லியே தோல் தொழிலாளர் சங்கம் பதினேழு வருடமாக அவனை ஊருக்குள் கடை போட விடவில்லை. அவன் செய்த பைகளைச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் தங்கள் முத்திரையைக் குத்தி விற்றுக்கொண்டார்கள்; அதில் மட்டும் தீட்டு இல்லை போலும். அரண்மனைத் தோல் வேலைக்காரன் என்று பிரபு ஒரு பத்திரம் கொடுத்துவிட்டால் சங்கம் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். வேட்டைக்காரர்களின் புனிதர் ஹூபர்ட்டுஸின் திருநாள் வேட்டைக்கு மகனுடைய பை நன்றாக அமைந்தால் அன்றைக்கே பத்திரம் என்று பிரபு வாக்குக் கொடுத்திருந்தார்.

மகன் காசிமிர் அளவு கொடுக்கத் தனியாக வந்தான். இருபத்து மூன்று வயது. லாம்பெர்ட்டின் மனைவி ஒட்டீலியா நீட்டிய பீர்க் குவளையை இடது கையால் வாங்கியவன், லாம்பெர்ட் பார்ப்பதைக் கண்டு சிரித்தான்.

"பாத்துட்டியா? எனக்கு இந்தக் கைதான் வரும். சின்ன வயசுல அப்பா இதை மேஜைக் காலோட கட்டி வச்சுச் சோறு போட்டாரு. வெளிய தெரிஞ்சா மானம் போயிடுமாம்."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சின்ன எஜமான்."

"சொல்லாம என்ன? இந்தத் தடவை எல்லார் முன்னாலயும் வலது இடுப்புலதான் மாட்டப் போறேன். சிங்கத்தை அதுக்குத் தக்கபடி திருப்பிடு."

"பெரிய எஜமான் கேட்டா?"

"நான்தான் சொன்னேன்னு சொல்றேன். போதுமா?"

அவன் போனதும் ஒட்டீலியா பிடித்துக்கொண்டாள். "அரண்மனைக்காரங்க பேச்சை நம்பி ஏங்க கழுத்தை நீட்டுறீங்க? எப்பவும் போற பக்கம் போற சிங்கத்தையே செஞ்சு குடுத்துத் தொலைங்க."

"மனசு விட்டுக் கேட்டுட்டான்டி. பாவம்."

பாவம் பார்க்க வேறு ஆளா கிடைக்கவில்லை இவனுக்கு? கன்றுத் தோலை நனைத்து, கத்தியால் கோடு கீறி, சுற்றுப்புறத்தை அச்சால் தட்டித் தாழ்த்தினான். பின்பக்கத்திலிருந்து எலும்புக் குச்சியால் பிடரியைத் தள்ளி எழுப்பி, பள்ளத்தில் தோல் தூளும் பசையும் அடைத்தான். ஒன்பது நாள் வேலை. காய்ந்து இறுகிவிட்டால் சிங்கத்தைத் திருப்பி நிறுத்த எந்தக் கொம்பனாலும் ஆகாது.

திருநாளன்று நண்பகலில் காட்டு வெளியில் மானைக் கிளைகள்மேல் கிடத்தியிருந்தார்கள். லாம்பெர்ட் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். தந்தையோடு காசிமிர் வந்தான். பை அவனுடைய இடது இடுப்பில் தொங்கியது. அரண்மனை முற்றத்தில் தந்தை ஒரு முறை முறைத்ததுமே அந்த வீராதிவீரன் பையை மாற்றி மாட்டிக்கொண்டுவிட்டான்.

பக்கத்துச் சீமை பரோன் ஹாஸ்லிங்கர்தான் முதலில் கவனித்தார். "என்ன எர்லன்ஸ்டைன், ஒங்க சிங்கம் வீட்டைப் பாத்து ஓடுது? மானைக் கண்டு பயந்துடுச்சா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரபுவின் காதுகள் சிவந்தன.

"லாம்பெர்ட்! இங்க வாடா. எவன் சொல்லி இப்படிச் செஞ்ச?"

லாம்பெர்ட் காசிமிரைப் பார்த்தான். காசிமிர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்ன எஜமான்தாங்க சொன்னாரு."

"நானா? நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்றான் காசிமிர்.

"அவருக்கு இடது கைப் பழக்கங்க. வலது இடுப்புல மாட்டறதா..."

பிரபு மெதுவாகச் சிரித்தார். "கேட்டீங்களா? தோலுரிக்கிறவன் பேரன் என் பிள்ளைக்குக் கை சொல்லிக் குடுக்கறான்."

வேட்டையில் முறை தவறியவனை மானின்மேல் குப்புறப் படுக்கவைத்து, அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் மூன்று அடி அடிப்பார்கள். வேட்டைக்காரர்களுக்குள் அது வெறும் விளையாட்டு. பிரபு தன் கத்தியை உருவி மகனிடம் நீட்டினார்.

"மூணு அடி. எந்தக் கைன்னு எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

மானின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. முறைப்படி லாம்பெர்ட் அதன்மேல் குப்புறப் படுத்துக் கொம்புகளைப் பற்றிக்கொண்டான். அருகே குனிந்த காசிமிரிடம் கிசுகிசுத்தான். "சின்ன எஜமான், அந்தக் கையில கத்தி நிக்காது. திரும்பிடும். மெதுவா அடிங்க, ஒங்களைக் கும்பிடறேன்."

"வாய மூடு. அப்பா பாக்கறாரு."

முதல் அடி முதுகில் சொத்தென்று விழுந்தது. "கொசு அடிக்கிறாரு!" என்றார் பரோன். இரண்டாவது அடியில் கத்தி சாய்ந்து தோள்பட்டையில் கோட்டைக் கிழித்தது.

"ஓங்கி அடிடா!" என்று கத்தினார் பிரபு.

காசிமிர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கினான். பழகாத கையில் கத்தி திரும்பி, முதுகை விட்டுவிட்டு, கொம்பைப் பற்றியிருந்த லாம்பெர்ட்டின் வலது கையில் கூர்ப்பக்கமாக இறங்கியது. மூன்று விரல்கள் போயின.

லாம்பெர்ட்டின் அலறல் அடங்கும்வரை பரோன் காத்திருந்தார். பிறகு தொப்பியைத் தொட்டு, "வலது கைதான். சந்தேகமே இல்ல" என்றார்.

பிரபு மகனின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி, எல்லோரும் பார்க்க நெற்றியில் முத்தமிட்டார். அப்படி ஒரு முத்தம் காசிமிருக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. சந்தோஷத்தில் அவன் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, அடி வாங்கினவனுக்கு ஒரு குவளை பீர் குடுக்கறது வழக்கமாச்சே" என்றான்.

வேலையாள் குவளையோடு வந்தான். துணி சுற்றிய வலது கையைப் பழக்கதோஷத்தில் நீட்டினான் லாம்பெர்ட். குவளை நழுவி அவன் கோட்டெல்லாம் பீர் கொட்டியது.

"இன்னொண்ணு ஊத்துங்க அவனுக்கு" என்றார் பிரபு. "இந்தத் தடவை இடது கையால வாங்குடா."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியவன் காசிமிர்தான்.