அந்தோணிராஜுக்கு இரண்டு கையெழுத்து

தபால்காரர் குடைக்கம்பியால் இரும்புக் கேட்டைத் தட்டிய தட்டலில் சேக்காடு மூன்றாவது தெருவே எட்டிப் பார்த்தது. ரிஜிஸ்டர் தபால். ஹில்டா மாவுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, அவர் நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டாள். உறையின் மேல் கணவன் அந்தோணிராஜின் பெயர். ஆள் மஸ்கட்டுக்குப் போய் ஐந்து மாதமாகிவிட்டது. பெயர் மட்டும் வாரம் தவறாமல் வீடு தேடி வந்துகொண்டிருந்தது.

எல்லாம் ஷேர் விவகாரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்த எட்டு வருஷமும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவன் வாங்கிய பத்திரங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. விமானம் ஏறுவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்குப் பாடம் நடத்தினான். டிவிடெண்ட் வந்தால் ஊர்க் கணக்கில் போட வேண்டும். மஸ்கட்டிலிருந்து அவன் அனுப்புவது பாங்கில் புதிதாகத் திறந்த வெளிநாட்டுக் கணக்கில் விழும். இரண்டையும் தப்பித்தவறிக்கூடக் கலந்துவிடக் கூடாது. விற்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று, இருபது டிரான்ஸ்பர் பாரங்களில் எதையும் நிரப்பாமல் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தான்.

ஹில்டா கெட்டிக்காரி. மூன்றாம் மாதமே, பேப்பர் வந்தால் பங்கு விலைப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தாள். ஐயப்பன்தாங்கலில் ஒரு மனைக்கு முன்பணம் கட்டலாம் என்று அவன் கடிதம் போட்டதும், ஒரு பம்பு கம்பெனியின் நூறு ஷேரை நல்ல விலையில் புரோக்கர் மூலம் விற்றும் விட்டாள். அந்தக் கம்பெனியிலிருந்துதான் இந்தத் தபால். பாரத்தில் உள்ள கையெழுத்து எங்களிடம் பதிவாகியிருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, விற்பனை செல்லாது என்று எழுதியிருந்தார்கள்.

மூன்று தடவை படித்தாள். அவன் போட்டது அவள் கண்ணெதிரே. பிறகு எப்படி ஒத்துப்போகாமல் போகும்?

சாயங்காலம் கொழுந்தன் ஜெயபால் வந்தான். எஸ்டேட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். கடிதத்தைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினான்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. அவசரத்துல நீங்களே போட்டுட்டீங்களா?"

ஹில்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இல்லை என்று அவள் சொன்னதை அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கம்பெனிக்காரன் போலீசுக்குப் போனால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்றான். பெட்டியைத் தன்னிடம் கொடுத்துவிட்டால் பத்தே நாளில் பணத்தை வாங்கிவிடுவதாகவும் சொன்னான். வெள்ளிக்கிழமை பின்வீட்டு லோகநாயகி போனுக்கு அண்ணன் கூப்பிடும்போது, தானே பேசி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினான்.

அதுதான் அவளை உறுத்தியது. மூன்று நிமிஷ போன் கால், பாதி கரகரப்பு. அதில் தம்பி வாயால் 'அண்ணி உன் கையெழுத்தைப் போட்டுட்டாங்க' என்று கேட்டால் அந்தோணிராஜ் என்ன நினைப்பான்? பெட்டி போனால் போகட்டும். கள்ளக் கையெழுத்துக்காரி என்ற பேரோடு அவனுக்குப் பெண்டாட்டியாக இருக்க முடியுமா? வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் காலை ரயிலேறி, பாரிமுனையில் இருக்கும் கம்பெனியின் ஷேர் பிரிவுக்குப் போனாள். வனஜா என்ற குமாஸ்தா இரக்கப்பட்டு, பதிவு அட்டையை எடுத்துத் தள்ளியே பிடித்துக் காட்டினாள். ஹில்டா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். சாய்வான இங்கிலீஷ் எழுத்து, கடைசியில் நீளமாக ஒரு வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தோணிராஜ் போடுவதோ தமிழில். ஃபிட்டர் பெஞ்சில் அடுக்கி வைத்த அரங்கள் மாதிரி எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும்.

இது எங்க வீட்டுக்காரர் கையெழுத்தே இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே விழுங்கிவிட்டாள். சொன்னால், அப்போ ஷேர் யாருடையது என்று கேட்பார்களே. ஆள் மஸ்கட்டில் இருக்கும்போது கையெழுத்து மாறிப்போயிருந்தால் என்ன வழி என்று மட்டும் கேட்டாள். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் புதிதாகக் கையெழுத்துப் போட்டு, அத்தாட்சி வாங்கி அனுப்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள் வனஜா.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வால் யாருடையது? வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தாள். ஒவ்வொரு பத்திரத்தோடும் பழைய விண்ணப்ப ரசீது ஒன்று குண்டூசியில் குத்தியிருந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ரசீதில் பெயரும் விலாசமும் ஒரே கையில், அதே சாய்வில், அதே வாலோடு. ஒன்றின் பின்னால் பென்சிலில் 'டைம் ஆபீஸ் உலகநாதன் வசம் 500' என்று அந்தோணிராஜ் எழுதியிருந்தான்.

எஸ்டேட்டில் வருகைக் கணக்கு பார்த்த டைம் ஆபீஸ் உலகநாதன் ஓய்வு பெற்று மாங்காட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை பூந்தமல்லி போய் பஸ் மாறி மாங்காட்டில் இறங்கினாள். மனுஷர் வாசலில் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வெட்கப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. பழைய பெருமையோடு சொல்ல ஆரம்பித்தார்.

ஷேர் கேட்டுப் போடும் பாரம் எப்போதும் கடைசித் தேதிக்கு முதல் நாள்தான் எஸ்டேட்டுக்கு வரும். மிஷினில் நிற்கிறவன் கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையோடு பாரத்தைத் தொட்டால் கறையாகித் தள்ளுபடியாகும். அதனால் டீ நேரத்தில் ஆளாளுக்குப் பணத்தை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவரே டைம் ஆபீசில் உட்கார்ந்து நிரப்பி, அவரே கையெழுத்தும் போட்டுக் கட்டிவிடுவார். மொத்தம் அறுபத்திரண்டு பேர். பத்திரம் தபாலில் வரும், வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள், கையெழுத்தை மறந்துபோவார்கள். அவர் மட்டும் மறக்கவில்லை. ஆளுக்கொரு கையெழுத்தாக உருவாக்கி, பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்.

பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். பதினேழாவது வரியில் அந்தோணிராஜ். அதே வால், அதே புள்ளிகள். வந்த கவலையை மறந்து ஹில்டா கேட்டுவிட்டாள்.

"இந்த ரெண்டு புள்ளி எதுக்குண்ணே?"

"அந்தோணிக்கு ரெண்டு பசங்க இல்ல, அதுக்கு. இத பாரு, மதுரைவீரனுக்கு அஞ்சு. கடைசியில புள்ளி வைக்கவே எடம் இல்லாம பூட்ச்சு."

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினேழாவது வரியை ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டாள். நாளைக்கு ஜெயபால் என்ன சொன்னாலும் உலகநாதன் என்ற இந்த ஒரு பேரைச் சொன்னால் போதும், அந்தோணிராஜுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

உலகநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புது பாரம் இருந்தால் கொடு, இப்பவே போட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினார். ஹில்டா மறுத்துத் தலையசைத்தாள்.

"வாணாண்ணே. அவரையே எம்பசியில போடச் சொல்லி மாத்திக்கிறேன். இனிமே அவர் பேர்ல யார் வந்து கேட்டாலும் போடாதீங்க."

உலகநாதனின் கை பாதியில் நின்றது. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா இப்ப வந்து சொல்றே? போன மாசமே உன் கொழுந்தன் ஜெயபால், அண்ணன் சொல்லி அனுப்பிச்சாருன்னு வந்து, இருபது வெத்து பாரத்துல கையெழுத்து வாங்கிகினு பூட்டானே."