பத்தொன்பது நாள் குளிர்

சுருளியம்மாள் ஏலக்காட்டு வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் கால் வைத்தால், வீட்டின் சூடு சரியாக ஒரு டிகிரி குறையும். போடியில் அவள் குடியிருந்த தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். பூக்கட்டுகிறவள் விற்காத பூவைச் சாயங்காலம் அவள் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். சித்திரை வெயிலில் கைக்குழந்தைக்காரிகள் அவள் முதுகை ஒட்டி உட்காருவார்கள். யாரும் அவளை அதிசயமாகப் பார்த்ததில்லை. மீன் விற்கிறவள் மீன் வாசத்தோடு வருகிறாள், மலைக்குப் போகிறவள் குளிரோடு வருகிறாள், அவ்வளவுதான்.

அந்த ஒரு டிகிரியில்தான் அவள் புருஷன் காசிராஜன் உயிரோடிருந்தான். ஜீப்பு டிரைவர். ஏழு வருஷத்துக்கு முன் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் வண்டி உருண்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் இனிப் பிழைக்கமாட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அவனைக் கிடத்திய அறையின் அலமாரியில் ஒரு கடிகாரம் இருந்தது. எஸ்டேட்டின் பழைய பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதியாக மாற்றியபோது வெளியே எறிந்ததை சுருளியம்மாள் தூக்கி வந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே பித்தளைச் சக்கரம். சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. காற்றுப் புகாத டப்பா ஒன்றில் அடைத்த வாயு சூட்டில் உப்பும், குளிரில் சுருங்கும். அந்த அசைவே ஸ்பிரிங்கை முறுக்கும். காசிராஜன் படுத்தபடியே பார்த்துக் கண்டுபிடித்தது இது. ஆனால் மலையிலேயே பழகிய கடிகாரம் போடியின் வெயிலையும் பனியையும் சீண்டவில்லை, சுருளியம்மாள் கொண்டுவந்த குளிரைத்தான் தின்றது. அவள் வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் சாயங்காலம் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு தடவை திரும்பத் தொடங்கியது. மறுநாள் வந்த சுகாதார நர்ஸ் அமுதவள்ளி காசிராஜனின் நாடியைப் பிடித்தாள். அதுவும் நிமிடத்துக்கு இரண்டு. மறுபடி எண்ணிப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஒரு டிகிரி ஒரு நாளைக்குக் காணும். இழுத்துப் பிடித்தால் இரண்டு நாள். இரண்டாம் நாள் சக்கரம் தள்ளாடும், காசிராஜனின் உதடு நீலம் பாரிக்கும். அதனால் சுருளியம்மாளுக்கு ஏழு வருஷமாக லீவு இல்லை. காய்ச்சலோடு போனாள். அண்ணன் மகள் கல்யாணத்தில் தாலி ஏறியதும் பட்டுச்சேலையோடு ஜீப்பில் ஏறினாள். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையும் போடிமெட்டுக்குப் போய் மஞ்சுப் பனியில் நின்று, ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவாள். முட்டி தேய்ந்தது. ஜீப்புக் கம்பியைப் பிடித்தபடியே தூங்கப் பழகினாள். “குளிர் கொண்டாந்தியா?” என்று அவன் கேட்பதும், “கொண்டாந்தேன்” என்று அவள் சுவரில் சாய்வதும்தான் அவர்களின் குடும்பப் பேச்சு. அவளுக்கு அலுத்துவிட்டது. எலும்புவரை அலுத்துவிட்டது.

போன ஆடியில் மலையில் மழை கொட்டியது. போடியில் ஒரு சொட்டு இல்லை. மண் சரிந்து பாதை அடைபட, அவள் எஸ்டேட்டிலேயே மாட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் மதியம், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி, பக்கத்து வீட்டுச் சந்திரவல்லிக்குப் போன் போட்டாள். பகலில் காசிராஜனைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். கொரகொரப்புக்கு நடுவே வந்தது இவ்வளவுதான்: “இங்க சோலி முடிஞ்சிருச்சுக்கா. வெரசா வா.” லைன் அறுந்தது. கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, துணி மாற்றியாயிற்று என்ற அர்த்தத்தில்தான் சந்திரவல்லி சொன்னாள். ஆனால் இந்தப் பக்கத்தில் வேலை முடிந்தாலும் சோலி முடிந்ததுதான், ஆள் முடிந்தாலும் சோலி முடிந்ததுதான்.

சுருளியம்மாள் அழவில்லை. அவளுக்கு வந்தது நிம்மதி. நாளைக்கு எழுந்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்படவும் தெம்பில்லை. அந்தப் பாறையிலேயே சாக்கை விரித்து, மழையில் நனைந்தபடி ஒரு மணி நேரம் தூங்கினாள். மண்ணை அள்ளிவிட்டார்கள் என்று எழுப்பவந்த டிரைவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். ஜீப்பில் அவள் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள். மழை நின்ற பிறகும் கண்ணாடியில் பனி படிந்தது. துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

வாசலில் பந்தல் இல்லை, ஆட்கள் இல்லை. சந்திரவல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சக்கரம் நிற்கப் போவதுபோல் தள்ளாடியது. காசிராஜன் நீல உதட்டோடு கண் திறந்து கிடந்தான். சுருளியம்மாள் கால் வைத்ததும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து அவன் எப்போதோ கொண்டுவந்து மாட்டிய வெப்பமானி முப்பத்து மூன்றிலிருந்து இறங்கி, இறங்கி, பதினான்கில் நின்றது. செம்பில் தண்ணீர் சில்லிட்டது. சக்கரம் சீராகத் திரும்பியது.

“எங்க போயி இம்புட்டுக் குளிர கொண்டாந்த?”

“நீங்க செத்துப் போயிட்டீகன்னு நெனச்சேன்,” என்றாள். மறைக்கவில்லை. “நிம்மதியா இருந்துச்சு. தூங்கிட்டேன்.”

காசிராஜன் அவளைப் பார்த்தான். வெப்பமானியைப் பார்த்தான். அது நிம்மதியின் குளிர் இல்லை, அவள் அழாத துக்கத்தின் குளிர் என்று அவனுக்குத் தெரிந்தது, அவளுக்குச் சொல்லவில்லை.

“பத்தொம்போது நாளைக்குக் காணும்,” என்றான். “படு, சுருளி.”

அவள் படுத்தாள். ஜீப்பு தினமும் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அமுதவள்ளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு என்று எழுதிவிட்டுப் போனாள். இருபதாம் நாள் காலை ஹாரன் கேட்டதும் சுருளியம்மாள் எழுந்து தூக்குவாளியை எடுத்தாள். ஏழு வருஷமாக வாய் திறக்காமலே கிளம்பிப் போனவள் அன்று வாசலில் நின்று, “போயிட்டு வர்றேன்” என்றாள். ஜீப்பில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள்.